கையொப்பமிட்டவரும் காத்திருந்தவர்களும்

1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் தேதி நண்பகலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாகப் பிரமாணம் செய்துகொண்டபோது, அத்தேசத்தின் மிகப் பெரும்பாலான ராஜ்யங்களில் பாங்குகள் கதவைச் சாத்தியிருந்தன, அல்லது போட்ட பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு மேல் எடுக்கலாகாது என்று கட்டுப்பாடு விதித்திருந்தன. வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் திரிந்தார். மக்காச்சோளத்தை விற்று நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பில் இட்டு எரிப்பது லாபம் என்று மத்திய மேற்குப் பகுதிக் குடியானவர்களில் சிலர் கண்டிருந்தார்கள். அந்த மார்ச்சு தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை ஓடிய நூறு நாட்களில் காங்கிரஸ் சபை நிறைவேற்றிய பெருஞ்சட்டங்கள் 15 என்று சரித்திராசிரியர்கள் கணக்குக் கொடுப்பது வழக்கம். அவற்றையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்து, ‘புதிய ஏற்பாடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ், எல்லாம் ஒரே மனிதரின் மூளையில் ஓரிரவில் உதித்தவை என்று எண்ணும்படி பாடப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சட்டத்தின் பூர்வோத்தரத்தையும் சற்றுப் பொறுமையாகத் தேடிச் செல்பவர், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால், பொதுஜனங்கள் மறந்துபோன வேறு ஒருவரைக் காண்பார். அவர் பத்தாண்டோ இருபதாண்டோ அதற்காகக் காத்துக் கிடந்தவராகவும் இருப்பார்.

பாங்குகளின் கதையே இதற்கு முதற்சாட்சி. பதவியேற்ற இரண்டு நாட்களுக்குள் ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள எல்லாப் பாங்குகளுக்கும் கட்டாய விடுமுறை அறிவித்தார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட அதிகாரம், முதல் உலக மகாயுத்தத்தின்போது எதிரி நாடுகளோடு வர்த்தகம் செய்வதைத் தடுக்க 1917இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் மூலையில் கிடந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று முன்னதாகவே ஆலோசித்து வைத்திருந்தவர்கள், தோற்றுப்போன ஜனாதிபதி ஹூவரின் பொக்கிஷ இலாகாவினர். மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட வேண்டியவர்களான ஆக்டன் மில்ஸும் ஆர்தர் பேலன்டைனும், தங்கள் இடத்துக்கு வந்துவிட்ட வில்லியம் வுடினோடு கூடி இரவு பகலாக உட்கார்ந்து அவசர பாங்கு மசோதாவை உருவாக்கிக் கொடுத்தார்கள். மார்ச்சு 9ஆம் தேதி அது பிரதிநிதி சபைக்கு வந்தபோது உறுப்பினர்கள் கையில் அச்சுப் பிரதிகள் இல்லை. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் விவாதம் முடிந்து, அன்றிரவே ஜனாதிபதியின் கையொப்பமும் விழுந்துவிட்டது. மார்ச்சு 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரூஸ்வெல்ட் வானொலியின் முன் அமர்ந்து, பாங்கு என்பது நீங்கள் போட்ட பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருப்பதில்லை, அதைக் கடனாகக் கொடுத்துத் தொழில்களை நடத்துகிறது என்ற சங்கதியைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் பாஷையில் சொன்னார். மறுநாள் காலை திறந்த பாங்குகளின் வாசலில் நின்ற வரிசைகளில், வீட்டில் பதுக்கி வைத்த பணத்தைத் திரும்பப் போட வந்தவர்களே மிகுதி. ஹூவரின் ஆட்கள் எழுதிய மசோதாதான் அது. ஆனால் ஹூவர் அதே வார்த்தைகளை அதே வானொலியில் சொல்லியிருந்தால் ஒரு டாலரும் திரும்பி வந்திராது என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட வேடிக்கையானது வைப்புப் பணத்துக்கான காப்புறுதியின் சரித்திரம். பாங்கு முறிந்தாலும் சிறு சேமிப்பாளரின் பணத்துக்குச் சர்க்கார் பொறுப்பு என்ற யோசனையை முன்வைத்து, 1886 தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்தில் காங்கிரஸில் வந்துபோன மசோதாக்கள் மட்டும் 150 இருக்கும். ரூஸ்வெல்ட்டுக்கு அந்த யோசனையில் விருப்பமே இல்லை. நல்ல பாங்குகளின் பணத்தால் கெட்ட பாங்குகளைத் தாங்குவதாய் அது முடியும் என்பது அவருடைய அபிப்பிராயம். அலபாமாவின் பிரதிநிதி ஹென்றி ஸ்டீகலும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த மிச்சிகன் செனட்டர் வாண்டன்பர்கும் விடாப்பிடியாக நின்றதால்தான் அது பாங்கு மசோதாவில் ஏறியது. ஜனாதிபதியும் 1933 ஜூன் 16ஆம் தேதி மனம் ஒப்பாமலே அதை ஏற்றுக் கையொப்பமிட்டார். அந்த ஆண்டில் ஏறக்குறைய 4,000 பாங்குகள் முறிந்திருந்தன; காப்புறுதி அமலுக்கு வந்த 1934இல், அதில் சேர்ந்த பாங்குகளில் முறிந்தவை 9. நூறு நாட்களின் சட்டங்களில் பலவும் மறைந்துபோன பிறகும் அந்தக் காப்புறுதிக் கழகம் இன்றும் நின்று நடக்கிறது. மாறாக, ரூஸ்வெல்ட்டின் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமாய் இருந்ததும், வேறு எவரும் உரிமை கொண்டாட முடியாதபடி அவரே நினைத்துச் செய்ததுமான திட்டம், வேலையற்ற வாலிபர்களைக் காடு வளர்க்க அனுப்பிய இளைஞர் படை. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 நேரே வீட்டாருக்குப் போய்விடும் என்ற ஏற்பாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் இளைஞர்கள் அதில் சேர்ந்து கோடிக்கணக்கில் மரம் நட்டார்கள்; ஆனாலும் யுத்தம் வந்த பிறகு 1942இல் காங்கிரஸ் அதற்குப் பணம் மறுத்துவிட, படை கலைந்தது. தந்தை ஆசையோடு பெற்ற பிள்ளை அற்பாயுளில் போக, வேண்டாமென்று தள்ளிய பிள்ளை வம்சம் தழைக்க நின்றது.

எந்த நதியின் பெயரால் ரூஸ்வெல்ட் நிர்வாகம் உலகமெங்கும் அறியப்பட்டதோ, அந்த டென்னஸி நதியின் கதையில் காத்திருந்தவர் ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட்டர். இவர் நெப்ராஸ்கா ராஜ்யத்தவர். அந்த ராஜ்யத்தின் எல்லையைக்கூட டென்னஸி தொடுவதில்லை. ரூஸ்வெல்ட்டின் கட்சியையும் சேர்ந்தவரல்லர். மகாயுத்தத்தின்போது வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட்டைத் தயாரிப்பதற்காக, அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற இடத்தில் சர்க்கார் ஓர் அணையும் தொழிற்சாலைகளும் கட்டத் தொடங்கியது. அவை பயன்படுவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. கோடிக்கணக்கான டாலர் விழுங்கிய அந்தச் சொத்தில் தொழிற்சாலைகளை 50 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டு, அணையை 100 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று 1921இல் மோட்டார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்ற ஹென்றி போர்டு முன்வந்தபோது, தெற்கத்தியப் பத்திரிகைகள் அவரை ரட்சகராகவே கொண்டாடின. மனைத் தரகர்கள் இல்லாத நகரத்தின் மனைகளை வரைபடம் காட்டி விற்றார்கள். நதியின் சக்தி ஜனங்களின் சொத்து, அதை ஒரு தனவந்தரின் கையில் கொடுக்கலாகாது என்று செனட்டில் ஏறக்குறையத் தனித்து நின்று வாதாடியவர் நாரிஸ். போர்டு 1924இல் விலகிக்கொண்டார். சர்க்காரே அணையை நடத்தலாம் என்ற நாரிஸின் மசோதா இரு சபைகளிலும் நிறைவேறி 1928இல் ஜனாதிபதி கூலிட்ஜிடம் போய்க் கையொப்பமின்றிச் செத்தது. மறுபடி நிறைவேறி 1931இல் ஹூவரிடம் போய் நிராகரிக்கப்பட்டது. 1933 ஜனவரியில், பதவியேற்பதற்கு முன்பே, ரூஸ்வெல்ட் அந்தக் கிழவரைக் கூட்டிக்கொண்டு மசில் ஷோல்ஸ் சென்று, மதகுகளின் வழியே வீணாகப் பாயும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். மே 18ஆம் தேதி டென்னஸிப் பள்ளத்தாக்கு அதிகார சபைச் சட்டம் கையொப்பமாயிற்று.

இந்த இடத்தில் ரூஸ்வெல்ட்டின் பங்கை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நாரிஸ் கேட்டது ஓர் அணை. ரூஸ்வெல்ட் கொடுத்தது ஒரு நதி முழுவதும், அதன் கிளை நதிகளும், அவை பாயும் 7 ராஜ்யங்களின் மண்ணும் காடும் அடங்கிய ஒரு பெருந்திட்டம். பல ஆண்டுகளாகப் பலர் கூடி வடம் பிடித்தும் நிலையைவிட்டு நகராத தேருக்குச் சக்கரத்தடியிலிருந்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டவர் அவர். தேர் எந்தத் தெருவுக்குள் திரும்ப வேண்டும் என்று பார்த்து மறுபடி கட்டை கொடுத்தவரும் அவரே.

சபையின் முதல் அணை கிளிஞ்ச் என்ற கிளை நதியில் எழுந்து, நாரிஸின் பெயரையே தாங்கியது. நம் நாட்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934இல் அங்கே கான்கிரீட்டு கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் ஊரைவிட்டு எழும்பின. 5,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி, எஞ்சியவற்றை எடுத்து, மேட்டு நிலத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். நிலத்துக்கு உடையவர்களுக்கு விலை கிடைத்தது. வாரக் குடிகளுக்குக் கிடைத்தது வெறும் நோட்டீசு. அணைத் தொழிலாளருக்கென்று அழகாகத் திட்டமிட்டுக் கட்டிய நாரிஸ் நகரத்தில் கறுப்பினத்தார் குடியிருக்க இடமில்லை என்பதையும், இத்திட்டத்தைப் புகழ்ந்து எழுதுவோர் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டபடியால், இங்கே எழுதி வைக்கிறேன்.

அதே சபை செய்த நன்மைகளில், அணையின் உயரத்தைவிட என்னைக் கவர்ந்தது கொசுவோடு அது நடத்திய யுத்தம். பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் மூவரில் ஒருவருக்கு மலேரியா. நீர்த்தேக்கங்கள் பெருகினால் கொசுவும் பெருகும் என்று அஞ்சிய வைத்தியர்கள், எஞ்சினியர்களோடு பேசி ஓர் உபாயம் கண்டார்கள்: கொசு உற்பத்தியாகும் பருவத்தில், தேங்கிய நீரின் மட்டத்தை வாரந்தோறும் சுமார் ஓரடி இறக்கி ஏற்றுவது. கரையோரப் புல்லில் ஒதுங்கி வளரும் புழுக்கள், தண்ணீர் இறங்கியதும் தரையில் அகப்பட்டுக் காய்ந்துபோகும், அல்லது மறைவிடம் இழந்து மீனுக்கு இரையாகும். மின்சாரம் எடுப்பதற்கென்று கட்டிய மதகை ஒரு ஜுரத்தை விரட்டவும் திறந்து மூடினார்கள். சில ஆண்டுகளில் பள்ளத்தாக்கில் மலேரியா அநேகமாக இல்லாமலே போயிற்று.

மின்சாரத்தின் கதை பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. 1935இல் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் விளக்கு உண்டு. நகரங்களில் இரவைப் பகலாக்கிய கம்பெனிகள், மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்றன; மைலுக்கு 2,000 டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டின. அவ்வாண்டு மே 11ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவால் கிராமிய மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தி, பிலடெல்பியாவைச் சேர்ந்த எஞ்சினியர் மாரிஸ் குக்கை அதன் தலைவராக்கினார். குறைந்த வட்டிக்குச் சர்க்கார் கடன் கொடுத்தாலும் கம்பெனிகள் முன்வரவில்லை. ஆகவே குடியானவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, வீடு வீடாகப் போய் ஆளுக்கு 5 டாலர் சந்தா வாங்கி, தங்கள் நிலத்தின் வழியே கம்பம் நட இடம் கொடுத்து, வேலையை ஆரம்பித்தார்கள். கம்பங்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டி, ஒரு கூட்டம் குழி தோண்டிக்கொண்டே முன்னால் போக, அடுத்த கூட்டம் கம்பம் நட, அதற்கடுத்தது கம்பி இழுக்க என்று வேலையைப் பிரித்ததில் செலவு மைலுக்கு 1,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கட்டுப்படியாகாது என்று சொன்ன கம்பெனிகள் சில, சங்கம் அமையப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, வசதியுள்ள பண்ணைகளுக்கு மட்டும் கம்பி இழுத்து, எஞ்சிய ஏழைகளை வைத்துச் சங்கம் நடக்க முடியாதபடி செய்யப் பார்த்ததும் உண்டு.

வீட்டுக்குள் வந்த விளக்கு பெரும்பாலும் கூடத்தின் நடுவே கம்பியில் தொங்கிய ஒற்றைக் குமிழ்தான். ஆயினும் அந்த வீட்டுப் பெண்கள் முதலில் வாங்கிய சாமான் இஸ்திரிப் பெட்டி. கோடைக்காலத்திலும் விறகடுப்பை மூட்டி, ஐந்தாறு ராத்தல் எடையுள்ள இரும்புக் கட்டிகளை அதன்மேல் சூடாக்கி, ஒன்று ஆறுவதற்குள் மற்றொன்றை எடுத்து, கரி படாமல் துடைத்துத் துணி தேய்த்தவர்களுக்கு, செனட்டில் நடந்த விவாதங்களின் தாத்பரியம் அந்த இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில்தான் விளங்கியிருக்கும். ரூஸ்வெல்ட் காலமான 1945இல் ஏறக்குறையப் பாதிப் பண்ணைகளுக்கு மின்சாரம் வந்திருந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் பத்தில் ஒன்பதுக்கு மேல் வந்துவிட்டது. நாரிஸோ, 1942இல் தம் சொந்த ராஜ்யத்து வாக்காளர்களால் தோற்கடிக்கப்பட்டு, 1944இல் இறந்தார்.

டென்னஸியின் புகழ் கடல் கடந்து நம் தேசத்துக்கும் வந்தது. 1943இல் வங்காளத்தைச் சூழ்ந்த தாமோதர நதி வெள்ளத்துக்குப் பிறகு, டென்னஸி சபையில் வேலை பார்த்த வூர்டுயின் என்ற எஞ்சினியரை வரவழைத்துத் திட்டம் எழுதச் செய்தார்கள். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. அணைகளைப் பார்த்து எழுதிக்கொள்ள முடிந்ததே தவிர, ராஜ்யங்களின் எல்லையைத் தாண்டி ஒரு நதியை ஆளும் அதிகாரத்தை அவ்வளவு சுலபமாக எழுதிக்கொள்ள முடியவில்லை.

தொழில் விஷயத்தில் ரூஸ்வெல்ட் நிர்வாகத்தின் சாதனைகளைப் பற்றி விரிவாக எழுத எனக்கு உற்சாகம் இல்லை. முதலாளிகளைக் கொண்டே விலையையும் கூலியையும் ஒழுங்குபடுத்த முயன்ற பெருந்திட்டத்தை 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. அது போனதில் நஷ்டமில்லை. சங்கம் சேரும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்த சட்டம் செனட்டர் வாக்னரின் தனி உழைப்பு. செனட் அதை நிறைவேற்றிய பிறகுதான் ஜனாதிபதி அதற்கு ஆதரவு சொன்னார். விலையை உயர்த்துவதற்காகப் பன்றிக் குட்டிகள் 60 லட்சத்தை, பசித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, கொன்றதும் இதே நிர்வாகம்தான்.

பிரான்சிஸ் பெர்கின்ஸைப் பற்றி மட்டும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1911 மார்ச்சு 25ஆம் தேதி நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற தையல் ஆலை தீப்பற்றியபோது, அருகில் ஒரு சிநேகிதி வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த இந்த அம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்து, பூட்டிய கதவுகளுக்கும் நெருப்புக்கும் நடுவே அகப்பட்ட பெண்கள் மேல்மாடி ஜன்னல்களிலிருந்து குதிப்பதைக் கண்ணாரக் கண்டவர். அன்று மாண்டவர்கள் 146 பேர். ரூஸ்வெல்ட் 1933 பிப்ரவரியில் இவரைத் தொழிலாளர் மந்திரியாக அழைத்தபோது, தாம் செய்ய விரும்புவனவற்றை எழுதிக்கொண்டு போய், இவற்றுக்கு உடன்படுவதானால் வருகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்றார்: வேலை நேரத்துக்கு வரம்பு, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையற்றோருக்கு உதவித்தொகை, முதியோர் பென்ஷன், வைத்தியக் காப்புறுதி. ஜனாதிபதி சம்மதித்தார். அமெரிக்க மந்திரி சபையில் அமர்ந்த முதல் பெண்மணி இவர். நிர்வாகத்தின் 12 ஆண்டும் அந்தப் பதவியில் இருந்தார்.

முதியோர் பென்ஷனை எப்படி அமைப்பது என்று 1934இல் குழு போட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளிவிடுமோ என்ற கவலையில் இருந்த பெர்கின்ஸிடம், ஒரு தேநீர் விருந்தில், அந்த நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்டோன் காதோடு காதாக, வரி விதிக்கும் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டால் போதும் என்று சொன்னாராம். குழுவினர் முடிவெடுக்காமல் இழுத்தடிக்கவே, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓரிரவு அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, தொலைபேசியைத் துண்டித்துவிட்டு, மேஜைமேல் ஒரு விஸ்கி புட்டியை வைத்து, முடிவு காணாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார வைத்ததாகப் பின்னாளில் அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். இத்திட்டத்தில் ரூஸ்வெல்ட்டின் சொந்த முத்திரை ஒன்று உண்டு. பொதுப் பொக்கிஷத்திலிருந்து கொடுக்காமல், தொழிலாளியும் முதலாளியும் கட்டும் வரியிலிருந்தே பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்; பணம் கட்டியவனின் உரிமையில் பிற்கால அரசியல்வாதி எவனும் கை வைக்க முடியாது என்பது அவர் கணக்கு. பொருளாதார சாஸ்திரிகள் அன்று அதைக் குறை கூறினார்கள். ஆனால் அரசியல் கணக்கில் அவர் தவறவில்லை.

1935 ஆகஸ்டு 14ஆம் தேதி சட்டம் கையொப்பமாயிற்று. கோடிக்கணக்கான தொழிலாளருக்கு எண் கொடுத்துத் தபாலாபீசு வழியாக அட்டை அனுப்பி, பால்டிமோர் துறைமுகத்தருகே ஒரு பழைய கட்டடத்தில் அவர்களுடைய கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி வைத்தார்கள். வெர்மாண்டில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாயிருந்த ஐடா மே புல்லர் என்ற அம்மாள், வேறு வேலையாக ரட்லண்டு நகருக்குப் போனவர், நாம் கட்டிய பணத்துக்கு ஏதாவது வருமா என்று விசாரித்துவைக்கப் போய், 1940 ஜனவரி 31ஆம் தேதியிட்ட முதல் மாதாந்திரக் காசோலையைப் பெற்றார்; தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் மூன்றாண்டில் கட்டியிருந்த வரி 24 டாலர் 75 சென்ட். நூறு வயது வாழ்ந்து 1975இல் இறந்த அவருக்கு இத்திட்டம் கொடுத்து முடித்தது 22,888 டாலர் 92 சென்ட்.

அட்டை கிடைக்காதவர்களும் இருந்தார்கள். பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் சட்டம் ஒதுக்கிவிட்டது. அவர்களிடம் வரி வசூலிப்பது கஷ்டம் என்று பொக்கிஷ இலாகா காரணம் சொன்னது. காங்கிரஸின் முக்கிய குழுக்களில் தலைமை வகித்த தெற்கத்திய உறுப்பினர்களுக்கு அந்தக் காரணம் மிகவும் இனித்தது, ஏனெனில் அவ்விரண்டு தொழில்களிலேதான் தெற்கே கறுப்பினத்தாரில் பெரும்பகுதியினர் இருந்தார்கள். சார்லஸ் ஹூஸ்டன் என்ற வக்கீல் செனட் குழுவின் முன் வந்து, இச்சட்டம் தம் மக்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்துகிறது என்று சாட்சியம் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், திருத்தவில்லை. நதிச் சட்டத்துக்கும் பென்ஷன் சட்டத்துக்கும் வாக்களித்த அதே தெற்கத்தியரின் தயவை இழக்க ஜனாதிபதி விரும்பவில்லை. காலம் பார்த்துச் செயல்படும் அவருடைய சாமர்த்தியத்துக்கு இதுவும் ஒரு முகம்.

ஒதுக்கப்பட்டவர்களில் நிலையான வேலையுடையவர்களை உள்ளே சேர்த்த திருத்தத்தில் 1950இல் கையொப்பமிட்டவர் ஜனாதிபதி டுரூமன். பெர்கின்ஸ் எழுதிக்கொண்டு போனவற்றில் வைத்தியக் காப்புறுதி ஒன்றுதான் நிறைவேறாமல் நின்றது. வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி ரூஸ்வெல்ட் அதை 1935இலேயே கைவிட்டிருந்தார். டுரூமன் முயன்று தோற்றார். 1965 ஜூலை 30ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன், முதிர்ந்த டுரூமனின் ஊருக்கே சென்று, அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அந்தச் சட்டத்தில் கையொப்பமிட்டபோது, பெர்கின்ஸ் உயிரோடில்லை. அந்த மே மாதத்திலே 85ஆம் வயதில் காலமாகிவிட்டார். அப்போதும் காப்புறுதி பெற்றவர்கள் 65 வயது நிரம்பியவர்கள். அதே சட்டத்தின் மற்றொரு பகுதியால், வறியவர்களில் சிலர். மற்ற அமெரிக்கர்களுக்கு அந்தச் சட்டத்தால் காப்புறுதி கிடைக்கவில்லை.